அம்மாவுக்குப் பிறகு அக்கா எங்கே இருப்பாள்?

11 ஜனவரி, கேள்வி

என் அக்காவுக்கு 46 வயது. ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய் என்பார்கள். கல்யாணமான வருஷமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து தவறாமல் சாப்பிடுகிறாள், பல வருஷமாக ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. அம்மாவோடு இருக்கிறாள். அம்மாவுக்கு 74, சர்க்கரை, முட்டி வலி. "எனக்கப்புறம் இவளை யாரு பார்ப்பா" என்று தினமும் கேட்கிறார். நாலைந்து பேர் ஒரு வாடகை வீட்டில் உதவியாளரோடு சேர்ந்து வாழும் ஏற்பாடு உண்டு என்கிறார்கள். எனக்கென்னவோ அது போர்டு மாற்றிய ஆஸ்பத்திரி என்றுதான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லவும்.

11 ஜனவரி, இரவு, பதில்

அப்படி ஒரு வீட்டில் சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஈசிஆர் பக்கம் ஒரு கிராமம். ஐந்து பெண்கள், பகலில் நான், ராத்திரிக்கு இன்னொரு அக்கா. நீங்கள் சொல்வதும் உண்மைதான், அவர்கள் சொல்வதும் உண்மைதான். சில இடங்கள் போர்டு மாற்றிய ஆஸ்பத்திரி, சில இடங்கள் வீடு. வாசலில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோலமும் துளசியும் இரண்டு இடத்திலும் இருக்கும்.

போய்ப் பார்க்கும்போது நிர்வாகியிடம் பேசிக்கொண்டே நேரத்தைக் கழிக்காதீர்கள். சமையலறைக்குப் போங்கள். நாளைக்கு என்ன சமையல், யார் முடிவு செய்தது என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். "மெனு சார்ட் இருக்கு" என்று பதில் வந்தால் அது ஹாஸ்டல். "நேத்து சண்டை, இன்னைக்கு அவ ஜெயிச்சா, புளிக்குழம்பு" என்று வந்தால் வீடு. அப்புறம் வாசல் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

12 ஜனவரி

ராத்திரி அவசரமாக எழுதினேன், இப்போது கொஞ்சம் விரிவாக.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மூன்று பேர் பெரிய மருத்துவமனைகளில் பல வருஷம் கிடந்தவர்கள். நோய் எப்போதோ அடங்கிவிட்டது. கூட்டிப் போக ஆள் வரவில்லை, அவ்வளவுதான். வந்த புதிதில் ஒரு அம்மா குளித்து முடித்ததும் சோப்பை பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். வார்டில் சோப்பு வெளியே இருந்தால் அடுத்த நிமிஷம் இருக்காது. ஈர சோப்பால் தலையணை உறையெல்லாம் வழவழவென்று ஆகிவிடும். நாங்கள் எதுவும் சொல்லவில்லை, உறையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம். நாலைந்து மாசம் கழித்து ஒரு நாள் அந்த சோப்பு பாத்ரூம் மாடத்தில் இருந்தது. டாக்டருடைய ரிப்போர்ட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

இன்னொருவர் பாத்ரூம் போகக்கூட என்னிடம் "போகட்டுமா" என்று கேட்டு நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வரிசையில் நிற்பார். வரிசையில் அவர் ஒருத்தர்தான். "என்ன சாப்பிடலாம்" என்று முதல் தடவை கேட்டபோது ஐந்து பேருமே என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் மெதுவாக "கருவாடு" என்றார். அன்றைக்குக் கருவாடுதான். சைவக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் முறை.

உங்கள் அக்கா வீட்டிலிருந்தே வருகிறவர், இந்தப் பழக்கங்கள் இருக்காது. ஆனால் வேறொன்று இருக்கலாம். அம்மாவே எல்லாவற்றையும் செய்து கொடுத்து, காபி போடவே மறந்து போயிருப்பார். அதைச் சரிசெய்ய நோயைவிட அதிக நாள் பிடிக்கும்.

12 ஜனவரி, மாலை

கீழே ஒருவர் "ஏர்வாடி ஞாபகம் இருக்கா" என்று ஒரே வரி போட்டிருக்கிறார். இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் அதிகாலைத் தீ, சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் செத்துப்போனார்கள். நம் ஊரில் "ஹோம்" என்ற பேச்சை எடுத்தாலே பெற்றவர்களுக்கு வயிற்றைப் பிசைவது அதனால்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஏர்வாடியைக் காட்டி எல்லா வீட்டையும் ஒரேயடியாக ஒதுக்கினால், மிஞ்சுவது வீட்டுக்குள்ளேயே பூட்டிய அறைதான். அப்படிப் பூட்டிய குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், வேறு வழி தெரியாதவர்கள்.

14 ஜனவரி

சட்டம் கேட்டவருக்கு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 19ஆம் பிரிவைத் தமிழில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கும் இடைநிலை இல்லங்கள், குழு வீடுகள் போன்றவற்றை அரசு நியாயமான காலத்துக்குள் ஏற்படுத்தித் தர வேண்டும். "நியாயமான காலம்" எவ்வளவு என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். குணமானவர்கள் மருத்துவமனைகளிலேயே தேங்கிக் கிடப்பது பற்றி உச்ச நீதிமன்றமும் 2017இல் கௌரவ் பன்சால் வழக்கில் மாநிலங்களைக் கேட்டது.

20ஆம் பிரிவு எனக்குப் பிடித்தது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, யூனிஃபார்ம் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். இதை ஒரு சட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்குத் தடை 95ஆம் பிரிவில்.

"வீட்டு ஆள் கையெழுத்து இல்லாமல் வெளியே விட மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. தானாக விரும்பிச் சேர்ந்தவர் கேட்டால் அனுப்ப வேண்டும். மருத்துவருக்குச் சந்தேகம் என்றால் பரிசோதனைக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்கு இந்தச் சட்டம் தெரியாது என்பது வேறு விஷயம்.

15 ஜனவரி

பொங்கல் வாழ்த்து. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் பானை பொங்குகிற நேரத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு சிலிண்டர் வந்தது. கூடவே அந்த வீட்டு மாமியாரும் வந்து எங்கள் பொங்கலில் நெய் போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

17 ஜனவரி

அந்த மாமியார் ஆரம்பத்தில் எங்களை எதிர்த்தவர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீடு பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. பத்து மாச அட்வான்ஸ் எடுத்து வைத்து, 11 மாச ஒப்பந்தமும் டைப் அடித்து முடித்த பிறகு, "யாரு குடி வர்றாங்க" என்ற கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். பொய் சொல்லிக் குடிபோனால் பின்னால் தெரிந்து சாமானை வெளியே வைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது, வேறு யாரும் எடுக்காமல் பூட்டிக் கிடந்த வீடு. மாடிப்படியில் வாஸ்து கோளாறாம். மனநோய்ப் பயத்தை வாஸ்துப் பயம் வென்றது.

தெருவில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். சுண்டல் சாப்பிட வந்தார்கள், சுண்டல் தீர்ந்ததும் போனார்கள். மனசு மாறியது வேறு வழியில். தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்கு நேரம் காலமில்லாமல் வரும். எங்களில் ஒரு அம்மாவுக்குக் காதில் குரல் கேட்பது முழுதாக நிற்கவே இல்லை, மருந்தில் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் லாரி மெயின் ரோட்டில் திரும்பும் சத்தம் அவருக்கு மட்டும் முதலில் கேட்கும். வாசலுக்கு வந்து "லாரீ" என்று ஒரு குரல். தெருவே குடத்தோடு ஓடி வரும். "லாரி அம்மா எங்கே" என்று ஆள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பொய்க் குரல் கொடுத்துவிட்டார், லாரி வரவில்லை. எல்லோரும் திட்டினார்கள். தெருவில் மற்ற எவரையும் திட்டுவது போலத்தான். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தது.

19 ஜனவரி

சாவி விஷயத்தை முதல் நாள் சுலபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. தனிச்செய்தியில் ஒருவர், "ராத்திரி என் மகள் கிளம்பிப் போய்விட்டால்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

எங்கள் வீட்டில் ஒருவர் மதியத் தூக்கத்தில் நாங்கள் அசந்திருக்கும்போது கிளம்பி, பஸ் ஏறி, தாம்பரம் வரை போய்விட்டார். சாயங்காலம் வரை தேடினோம். தன் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருந்தார். அங்கே இப்போது மொபைல் கடை. கடைக்காரப் பையன் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, பையிலிருந்த அட்டையைப் பார்த்துப் போன் பண்ணினான். அன்றிரவே மேலிடத்தில் மீட்டிங். வாசலுக்கு வெளிப்பூட்டு போட வேண்டும் என்றார்கள். எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. முடிவில் பூட்டு வரவில்லை. அவரை மாசம் ஒரு தடவை நாங்களே அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவது என்று ஆனது. சில மாசத்தில் அவரே "போதும், அங்கே ஒண்ணும் இல்ல" என்றுவிட்டார்.

இந்தக் கதை நன்றாக முடிந்தது. முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்காக ஐந்து பேரையும் பூட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒருவருக்குக் கூட ஆள் தேவை, இன்னொருவருக்குப் போன் போதும், மூன்றாமவர் தனியாகச் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி வருவார். ஆளுக்கு ஆள் அளவு வேறு. மருந்தும் அப்படித்தான். ஒருவர் தன் டப்பாவிலிருந்து தானே எடுத்துக்கொள்வார், ஒருவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும், ஒருவருக்கு விழுங்கும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும், ரத்த அளவு சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விதி போடுகிற இடத்தில் யாருடைய வசதிக்காக விதி என்று பாருங்கள்.

20 ஜனவரி

காகித வேலை. "நேஷனல் டிரஸ்ட் மூலம் கார்டியன்ஷிப் வாங்குங்கள்" என்று, அதாவது சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுங்கள் என்று, மேலே ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். அலைய வேண்டாம். 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. மனநோய் அதில் வராது.

உங்களுக்குத் தேவை வேறு. 2017 சட்டப்படி அக்காவே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சிகிச்சை விஷயங்களில் தனக்கு உதவ ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம், பின்னால் மாற்றவும் செய்யலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையும் எடுத்து வையுங்கள். மனநோய்க்குச் சதவீதம் போட ஐடியாஸ் என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள், பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருந்தால், அக்கா உங்களைச் சார்ந்திருக்கும் பட்சத்தில் 80டிடி என்று சொல்லும் சலுகையில் வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழிக்கலாம். கடுமையான பாதிப்பு, அதாவது 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்திருந்தால், சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள மனநோயுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதை அம்மா இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பின்னால் ஓடுவது பெரும்பாடு.

மருந்துக்குத் தனியாரையே நம்ப வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். டாக்டர் வரும் கிழமையை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

23 ஜனவரி

"இது வெளிநாட்டு ஐடியா, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று ஒரு பெரியவர். ஐயா, பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் மத்திய காலத்திலிருந்தே மனநோயாளிகளைச் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்கின்றன. 1930களின் கடைசியில் 3,700 பேருக்கு மேல் அப்படி இருந்தார்கள், இப்போது அதில் சிறு பகுதிதான். இங்கிலாந்தில் கீரிங் என்று ஒரு ஏற்பாடு. அவரவர் தனித்தனி வீட்டில், ஆனால் நடந்து போகும் தூரத்தில், நடுவில் உதவிக்கு ஒரு தன்னார்வலர்.

சரி, நம் ஊருக்கு வருவோம். வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய தி பான்யன், 2015 முதல் ஹோம் அகெய்ன் என்று வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் உரிமைகளை மதிக்கும் சமூக மனநலச் சேவைகள் பற்றி வழிகாட்டி வெளியிட்டபோது, கீரிங்கோடு சேர்த்து சென்னையின் ஹோம் அகெய்னையும் எடுத்துக்காட்டாக வைத்தது. ஆக, வெளிநாட்டுக்காரர்கள் நம்மைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். நாம் இங்கே ஒத்து வருமா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

(நான் வேலை பார்த்தது அங்கே அல்ல. கேட்டவர்களுக்காக.)

24 ஜனவரி

ஆண்கள் வீடு எப்படி என்று கேட்டவருக்கு: பார்த்திருக்கிறேன், வேலை செய்ததில்லை. சமையலறை சுத்தமாக இருந்தது. சமைக்கவில்லை, அதனால்.

27 ஜனவரி

இங்கே யாருமே கேட்காத ஒன்று. உதவியாளர்களுக்கு என்ன சம்பளம், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள்?

செலவில் பெரும்பகுதி வாடகையும் சம்பளமும். நன்கொடை குறைந்தால் வாடகையைக் குறைக்க முடியாது, சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். நான் விட்டு வந்ததற்கும் அதுதான் காரணம், வேறு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. என்னோடு இருந்த ராத்திரி அக்கா பத்தாவது படித்தவர். புடவைக் கடையில் நின்று கால் வீங்கி இந்த வேலைக்கு வந்தவர். ஒருவருக்குத் தூக்கம் குறைகிறது, பேச்சு வேகமாகிறது, ஏதோ வருகிறது என்பதை டாக்டருக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவார். எப்படித் தெரியும் என்றால், "அவ டீயில சர்க்கரை மூணு தடவை போட்டா" என்பார். இப்படிப்பட்டவர் போய்விட்டால் புதிதாக வருகிறவருக்கு அந்த டீ வெறும் டீதான்.

கௌரவமாக வைத்துக்கொள்ளும் இடத்தில் ஆட்கள் வருஷக்கணக்கில் இருப்பார்கள். ஆறு மாசத்துக்கு ஒரு புது முகம் என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசியுங்கள்.

28 ஜனவரி

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ கடைசி வரைக்கும் ஒரு ஆள் மேல சாய்ஞ்சுதான் இருக்கணுமா" என்று ஒருவர். ஆமாம், சிலர் கடைசி வரை. சிலர் இரண்டு வருஷத்தில் தனியாகப் போகிறார்கள். எங்கள் ஐவரில் ஒருவர் மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே சின்ன வாடகை அறை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிறு மட்டும் சாப்பிட வருவார், குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். "இத்தனை மாசத்தில் வெளியேற்ற வேண்டும்" என்று கணக்கு வைக்கும் இடங்கள் எனக்குப் பயம். நன்கொடையாளருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதற்காகத் தயாராகாதவரை அனுப்பி, மூன்றாம் மாசம் பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்த கதையும் தெரியும்.

2 பிப்ரவரி

கேள்வி போட்டவர் நேற்று ஒரு வீட்டைப் போய்ப் பார்த்து வந்து எழுதியிருக்கிறார். சமையலறை பிடித்ததாம், மெனு சார்ட் இல்லையாம், சாவி இரண்டு பேரிடம் இருந்ததாம். அம்மா அழுதாராம். அட்வான்ஸ் கட்டிவிடலாமா என்கிறார்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் போனீர்கள், அம்மா வந்தார், மாமா வந்தார். அக்கா வந்த மாதிரி தெரியவில்லை. அவரிடம் இன்னும் சொல்லவே இல்லையோ?

பணம் கட்டுவதற்கு முன்னால் அவரைக் கூட்டிப் போங்கள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று ஏமாற்றி வேண்டாம். அப்படிக் கூட்டிவந்து விட்டுப்போன குடும்பங்களை எங்கள் வாசலில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அடுத்த ஒரு வருஷம் யார் சொன்னதையும் நம்பவில்லை, மருந்தையும் சேர்த்து. நேராகச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு முடியவில்லை, இப்படி ஓர் இடம் இருக்கிறது, ஒரு வாரம் இருந்து பார், பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிப்போகிறேன். சொன்னால் சொன்ன நாளில் போய் நிற்கவும் வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடம் வேண்டாம், வேறு பார்க்கலாம். அம்மா நடமாடிக்கொண்டிருக்கும்போதே இதையெல்லாம் செய்தால் இரண்டு மூன்று தடவை முயன்று பார்க்க அவகாசம் இருக்கும். அம்மா ஐசியுவில் இருக்கும்போது தேடினால், கிடைத்த கதவைத் தட்டுவீர்கள்.

வீட்டில் அவர் படுக்கும் தலையணையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டின் நகல் இரண்டு. காபியா டீயா, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதையும் அங்கே இருக்கும் அக்காவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

5 பிப்ரவரி

அவர் பதில் போட்டிருக்கிறார். அக்காவிடம் சொன்னார்களாம். அக்கா கேட்ட முதல் கேள்வி, "அங்க டிவி ரிமோட் யார் கையில இருக்கும்?"

சரியான கேள்வி. எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருவர் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் என் கையில், ஆனால் நான் வைக்கும் சேனலை யாரும் பார்க்க மாட்டார்கள்.